டோக்கன் அக்காவும் என் கட்டைவிரலும்

திருத்தணியில் முகத்தை மறைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம், காலை மறைத்துக்கொண்டு தள்ள முடியாது. முயன்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நமக்கு வேண்டுதல் இல்லாவிட்டாலும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு இருக்கும். அவர்களுக்குத் துணையாக மலை ஏறவேண்டும். ஏறுவதென்றால் படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டியாகவேண்டும். அங்கே ஒரு தகரக் கொட்டகையில், குட்டை நாற்காலி ஒன்றில் டோக்கன் அக்கா உட்கார்ந்திருப்பார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. செருப்பை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, எண் அடித்த தகர வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார். திரும்பி வரும்போது அந்த வில்லையைப் பார்க்கவே மாட்டார். காலைப் பார்ப்பார், உள்ளே போவார், அந்தக் காலுக்குரிய செருப்பை எடுத்துவந்து போடுவார். வில்லையைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைகிறவர்களிடம், அது உங்கள் திருப்திக்குக் கொடுப்பது, போங்கள் என்பார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட அவர் ஒரு ஜோடி மாற்றிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு தடவை சஃபாரி உடை போட்ட ஒருவர் புதுத் தோல் செருப்பு ஒன்றைக் காட்டி அது தன்னுடையது என்று சண்டைக்கு வந்தார். கையில் வில்லையும் இருந்தது, எங்கேயோ கீழே கிடந்ததை எடுத்திருக்கவேண்டும். அக்கா கத்தவில்லை. செருப்பின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இதில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் முன்னால் பதிந்திருக்கிறது, உங்களுக்கு அடுத்த விரல் குட்டை என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் குனிந்து அவர் காலைப் பார்த்தார்கள். வெறுங்காலோடு வந்தவர் வெறுங்காலோடே பேருந்து நிலையம் பக்கம் நடந்தார். பூக்காரர் ஒருவர், சரியான திருட்டுப் பயல் என்றார். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அவருக்கு வெரல் குட்ட. அதான் நான் பாத்தது" என்றார்.

அவருடைய குணமே இதுதான். பார்த்ததைச் சொல்வார், சத்தமாகச் சொல்வார், யார் எதிரிலும் சொல்வார். பார்க்காததில் ஒரு சொல்கூட வாயிலிருந்து வராது. ஊரில் மற்ற எல்லோரும் இதற்கு நேர் எதிர், நான் உட்பட. இது நல்ல குணம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அரக்கோணத்தில் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி ஒருநாள் மூச்சு வாங்க வந்து, எங்கள் வீட்டுக்காரர் மலைக்கு வந்தாரா என்று கேட்டார். செருப்பு வந்தது என்றார் அக்கா. தனியாகவா என்று அந்த அம்மாள் கேட்க, பக்கத்தில் அஞ்சாம் நம்பர் லேடீஸ் செருப்பு ஒன்று வந்தது, இரண்டும் ஒன்றாகத்தான் போயின என்றார். அந்த அம்மாள் போட்டிருந்தது எட்டாம் நம்பர். அப்புறம் அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று நான் பிறகு ஆசையோடு கேட்டேன். "அத நான் பாக்கல நைனா" என்று சொல்லிவிட்டார். வயது வித்தியாசம் பார்க்காமல் ஆண்கள் எல்லோரும் அவருக்கு நைனாதான்.

அந்தச் சமயம் எனக்கு முப்பத்துநான்கு வயது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். காலை ரயிலுக்காகப் பாதுகாப்பு ஷூவுக்குள் நுழைந்த கால், வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வெளிச்சத்தைப் பார்க்கும். இரும்புப் பாகங்களைக் கையில் எடுத்து, விளிம்பில் கடுகளவு நிறம் மாறியிருந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். என் பார்வையிலிருந்து எதுவும் தப்பாது என்று மேலாளரே சொல்வார். என் வலது கால் கட்டைவிரல் நகம் மட்டும் ஒரு வருஷமாகத் தப்பிக்கொண்டிருந்தது.

அதை முதலில் பிடித்தவர் அக்கா. அம்மாவுக்குக் கிருத்திகை தவறக்கூடாது, லீவு போட்டாவது நான் கூட்டிக்கொண்டு போவேன். அப்படிப் போன ஒரு கிருத்திகையில், பின்னால் இருபது பேர் நிற்க, அக்கா என் செருப்பைக் கையில் பிடித்தபடி சொன்னார்.

"நைனா, வலது கட்டவெரல் நகம் மஞ்சளாவுது. ஓரம் தடிச்சிகினு வருது. டாக்டராண்ட காட்டுங்க."

இருபது பேரும் பார்த்தார்கள். ஷூ இடித்துவிட்டது என்று நான் சொன்னேன்.

"இடிச்சத நான் பாக்கல. மஞ்சளத்தான் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து மாதா மாதம் எனக்கு அறிக்கை வர ஆரம்பித்தது. போன மாசம் பாதி, இந்த மாசம் முக்கால். போன மாசம் பழுப்பு இல்லை, இந்த மாசம் நுனியில் பழுப்பு. நான் செருப்பை விட்டுவிட்டு வேட்டிக்கு ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தேன். சாக்ஸோடு படி ஏறலாமா என்று அக்காவிடம் கேட்டும் பார்த்தேன். ஏறலாம், கல்லில் வழுக்கும், விழுந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றார். கழற்றினேன்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். டாக்டர் என்றால் காலைக் காட்டவேண்டும். காட்டுவதாக இருந்தால் நான் எதற்கு இவ்வளவு பாடுபட்டு மறைக்கவேண்டும் என்பது அன்றைய என் தர்க்கம். அதோடு, ரயில் நண்பர்களிடம் யாருக்கோ இருப்பதுபோல மெல்ல விசாரித்ததில், ஒருவர் ஈரல் கெட்டிருக்கும் என்றார், இன்னொருவர் சர்க்கரை என்றார், மூன்றாமவர் நாக தோஷம் என்று பரிகாரமே சொல்லிவிட்டார். நகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஆகவே வைத்தியத்தை நானே ஏற்றுக்கொண்டேன். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு ரயில் ஏறியதில், ஜன்னல் ஓரத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் பலன். படர்தாமரைக்கு யாரோ வாங்கி மிச்சம் வைத்திருந்த களிம்பைத் தடவினேன். தொழிற்சாலையிலிருந்து உப்புத்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இரும்பைத் தேய்ப்பதுபோல நகத்தைத் தேய்த்தேன். நகம் மெலிந்தது, மஞ்சள் போகவில்லை. கடைசியில் போன் வீடியோ ஒன்றை நம்பி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பத்து நாள் பூசினேன். மஞ்சளாகிப்போன நகத்துக்கு மஞ்சள் பூசிவிட்டு, தினமும் காலையில் வெளுத்திருக்கிறதா என்று பார்த்த ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஆவணியில் பள்ளிப்பட்டில் எனக்குப் பெண் அமைந்தது. அதற்கு முன் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. தலைமுடி, வயது, வேலை நேரம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். இவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் பார்க்கப் போன அன்று நான் பதற்றத்தில் காபியில் பிஸ்கட்டை முழுவதும் கரையவிட்டு டம்ளருக்குள் தேடிக்கொண்டிருக்க, எழுந்து போய் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து பேசாமல் என் எதிரே வைத்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இவளைக் கட்டிக்கொள்ள முடியாமல் போனால் இனிமேல் எவரையும் பார்க்கப் போவதில்லை என்று ரயிலில் நின்றபடி தீர்மானம் செய்துகொண்டேன். தை மாதம் முகூர்த்தம், திருத்தணியிலேயே மண்டபம் என்று முடிவானது.

அப்புறம்தான் அந்தச் சடங்கு நினைவுக்கு வந்தது. தாலி கட்டுவதற்கு முன் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் காலைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, பொட்டு வைப்பார்கள். எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான், அப்போதெல்லாம் என் கவனம் பந்தி எப்போது என்பதில் இருக்கும். இப்போது யோசித்துப் பார்த்தேன். போட்டோக்காரர் மண்டியிட்டுக் கிட்டத்தில் எடுப்பார். இந்தக் காலத்து மண்டபங்களில் அது அப்படியே பெரிய திரையில் தெரியும். என் கட்டைவிரல் ஆறடி உயரத்தில் நிற்கும், பள்ளிப்பட்டே உட்கார்ந்து பார்க்கும்.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்க மாட்டார்கள். முடிதிருத்தும் கடை, பூக்கடை, டீக்கடை என்று சுற்றிலும் விசாரிப்பார்கள். மலைக்கு வருகிற சாக்கில் வந்தால் அக்காவிடம் கேட்காமல் போகமாட்டார்கள். நான் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவரிடம் போய்க் கெஞ்சினேன். யாராவது கேட்டால் நகத்தைப் பற்றிச் சொல்லவேண்டாம், இது என் வாழ்க்கை என்றேன்.

"கேக்கலன்னா சொல்ல மாட்டேன். கேட்டா பாத்தத சொல்லுவேன். அதுக்குத்தான் டாக்டராண்ட போங்கன்றேன், நீங்க என்னாண்ட வந்துகினு இருக்கீங்க."

கோபத்தில் நான் எடுத்த அடுத்த முடிவுதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சம். மாப்பிள்ளைக்கு மருதாணி வைப்பது வழக்கம்தானே, அதை முன்கூட்டியே ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு விரல் மட்டும் சிவந்தால் சந்தேகம் வரும் என்று பத்து விரலுக்கும் வைத்தேன். அம்மா ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கிருத்திகைக்கு அக்கா நிதானமாகப் பார்த்துவிட்டு, பத்தும் சிவந்திருக்கிறது, ஒன்று மட்டும் தடிப்பாகச் சிவந்திருக்கிறது என்றார்.

கார்த்திகையில் பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதல் பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்க, பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் எங்களுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றும்போது தாய்மாமன் பத்திரிகையில் இருந்த என் படத்தைக் காட்டி, இந்தப் பையனைத் தெரியுமா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறார். வலது கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாக இருக்கிறது, டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

தாய்மாமன் அதை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினார். பொதட்டூர்பேட்டையில் இறங்கித் தறி வைத்திருக்கும் பங்காளி வீட்டில் காபி குடித்தபோது நகம் விரலாயிற்று. பள்ளிப்பட்டில் இறங்கியபோது விரல் பாதமாயிற்று. சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தபோது, எனக்குச் சர்க்கரை முற்றி முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள் என்று ஆகியிருந்தது. அந்த நேரத்தில் நான் திருத்தணி லோக்கலில் உட்கார இடமில்லாமல் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். மற்ற பத்திரிகைகளைக் கொடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டாராம். நான் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. மறுநாள் காலை ரயிலை விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய், என் கல்யாணத்தை நிறுத்திவிட்டீர்களே என்று அக்காவிடம் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். அவர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். என்மேல் கோபமில்லை, தான் சொன்னதோடு யாரோ சேர்த்துச் சொன்னதில்தான் கோபம்.

"நான் நகம்னேன். காலுன்னு யார் சொன்னாங்களோ அவங்களயே கேளுங்க. இல்ல, பொண்ணு வூட்டுல என்னாண்ட வரச் சொல்லுங்க. நான் சொன்னத நானே இன்னொரு தபா சொல்றேன்."

எனக்கு வேறு வழியில்லை. போன் போட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார், கூடவே அவளும் வந்தாள். நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை மாமா, அதாவது பெண்ணின் அப்பா, பிற்பாடு எனக்குச் சொன்னார். ஒரு விரல், வலது கால், நகம் மட்டும், தோலில் ஒன்றுமில்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை, படியில் எங்கேயும் உட்காராமல் ஏறுகிறார், இறங்கும்போது நடை நேராக இருக்கிறது என்று அக்கா அடுக்கியிருக்கிறார். அப்படியென்றால் என்ன வியாதி என்று மாமா கேட்டதற்குத் தெரியாது என்றாராம். ஒட்டுமா என்றதற்குத் தெரியாது. குணமாகுமா என்றதற்கும் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஒரு வாரமாகத் தெரிந்ததாகச் சொன்னவர்களையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த மாமாவுக்கு, இத்தனை தடவை தெரியாது என்று சொன்ன ஒருவரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்து அவளாகச் செய்த முதல் போன் அது.

"நகத்த விடுங்க" என்றாள். "இத்தன மாசமா மறைச்சிகினு இருந்தீங்களே, வேற என்னல்லாம் மறைச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முடிக்கு இரண்டு வருஷமாகச் சாயம் அடிக்கிறேன், வயதில் ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறோம், சமைக்கத் தெரியும் என்றது ரசத்தை மட்டும் வைத்துச் சொன்னது என்று வரிசையாக ஒப்பித்தேன். சிரிக்கிறாளா, போனைக் கீழே வைத்துவிட்டாளா என்று தெரியாமல் காதில் வைத்தபடி நின்றேன். கடைசியில், அப்பாவோடு டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றாள்.

அரக்கோணத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். பக்கத்து நாற்காலியில் மாமா. நான் சாக்ஸைக் கழற்றினேன். டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இது என்ன நிறம் என்றார். மருதாணி என்றேன். யாருக்குக் கல்யாணம் என்றார். நடந்தால் எனக்குத்தான் என்றேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை, ஆனால் பொறுமையாகக் கேட்டு நான் செய்த ஒவ்வொன்றையும் என் வாயாலேயே சொல்லவைத்தார். மேலே தேய்த்தாகிவிட்டது, சாயம் ஏற்றியாகிவிட்டது, களிம்பும் தடவியாகிவிட்டது, இதில் நான் எதைப் பார்ப்பது என்றார். நகச்சொத்தை என்கிறார்களே, அந்தப் பூஞ்சையாக இருக்கலாம், இறுக்கமான ஷூ அழுத்தியதாகவும் இருக்கலாம், மஞ்சளாகிற நகமெல்லாம் பூஞ்சை இல்லை, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். சில வாரம் எதையும் தடவாமல் விட்டு வரச்சொன்னார். பிறகு நகத்தைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைதான் என்று வந்தது. சர்க்கரை இல்லை. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அது சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை முடிந்தாலும் நல்ல நகம் முழுதாக வளர்ந்து வர ஒரு வருஷத்துக்குமேல் ஆகும், கல்யாணத்துக்குள் எதுவும் நடக்காது என்று கடைசியில் சொன்னார்.

இதையெல்லாம் கேட்ட மாமா அன்றைக்கே பத்திரிகைக் கட்டை எடுத்தார். பள்ளிப்பட்டில் ஒவ்வொரு வீட்டிலும் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டும்போது, கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்பதற்கு முன்னால், நகம்தான், வெறும் நகம்தான் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

அக்காவுக்கும் பத்திரிகை கொடுத்தேன். முகூர்த்த நாளில் கொட்டகையை விட்டு வரமுடியாது என்றார். பிறகு வழக்கம்போல என் காலைப் பார்த்தார்.

"வேராண்ட புதுசா கொஞ்சம் வெள்ளையா வந்துகினு இருக்கு, நைனா."

நான் வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு அரிசி நுனி அளவுக்கு வந்திருந்தது.

கல்யாணத்தன்று என் காலைத் தாம்பாளத்தில் வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் திரையில் என் கட்டைவிரல் ஆறடிக்கு நின்றிருந்தது, எதிரே நாற்காலிகள் முக்கால்வாசி காலி. முதல் பந்தி போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மணப்பெண்ணின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதம் நான் எதற்காகப் பூண்டு நாற்றத்தோடு ரயிலில் போனேன் என்று அந்த நிமிஷத்தில் யோசித்தேன்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷமாகிறது. நகம் முழுதாகத் தெளிவதற்குள் அக்கா அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டார். நகரிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். இப்போது அங்கே வேறு ஆள், வில்லை எண்ணைப் பார்த்துச் செருப்புக் கொடுக்கிறார், அவ்வப்போது மாறியும் போகிறது.

போன கிருத்திகைக்கு அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய் இறங்கினேன். அம்மாவுக்கு இப்போது எழுபதுக்குமேல். செருப்பை வாங்கி, குனிந்து, அவள் காலில் போடப்போனேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காகத்தான் உங்கள கட்டிக்க ஒத்துகினேன்" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் என்னிடம் சொல்லாத விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா டீ குடிக்கப் போயிருந்த சமயம் அவள் அக்காவிடம் தனியாக, ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டிருக்கிறாள். ஆள் எப்படி என்று எனக்குத் தெரியாது என்றாராம் அக்கா. மலையிலிருந்து இறங்கியதும் குனிந்து அம்மாவின் செருப்பைத் தன் கையால் எடுத்துப் போடுகிறார், மாதா மாதம் பார்க்கிறேன் என்றாராம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏனென்றால் நான் குனிந்ததன் ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். குனிந்தால் வேட்டி காலின்மேல் விழும். அந்த மறைவில் என் சாக்ஸை மாட்டிக்கொண்டுவிடலாம். அம்மாவின் செருப்பு அதற்கு ஒரு சாக்கு. இவ்வளவு நல்ல மனுஷி என்னை இந்தப் பித்தலாட்டத்தை நம்பியா கட்டிக்கொண்டாள் என்று நினைத்தபோது, பேசாமல் இருந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் போனில் ஒருநாள் எல்லாவற்றையும் ஒப்பித்தவன் இதை மட்டும் மிச்சம் வைத்திருந்தது அதைவிட மோசமாகப் பட்டது. நகத்தை மறைக்கத்தான் அன்றைக்கெல்லாம் குனிந்தேன், அம்மாவுக்காக இல்லை என்று அங்கேயே, அம்மா கேட்கும்படியாகவே சொல்லிவிட்டேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"அதயும் சொன்னாங்க" என்றாள். "'குனிஞ்சதும் வேட்டிய நகத்து மேல இழுத்து வுட்டுக்கறாரு, அத பாத்தேன். அப்புறம் அம்மா செருப்புல இருக்கற மண்ண தொடச்சிட்டுத்தான் கால்ல போடறாரு, அதயும் பாத்தேன். ரெண்டயும் சொல்லிட்டேன், எத எடுத்துக்கறதுன்னு நீ பாத்துக்கோமா'ன்னாங்க. நான் ரெண்டாவத எடுத்துகினேன்."

துடைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. குனிந்தபடி கையைப் பார்த்தேன், என் கட்டைவிரல் அம்மாவின் செருப்பிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேசியது போதும், கல் சுடுகிறது, சீக்கிரம் போடு என்றாள் அம்மா.